நசரத்பேட்டை தந்த முதல் மந்திரி

பூவிருந்தவல்லியைத் தாண்டி மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் சில நிமிஷங்களில் நசரத்பேட்டை வந்துவிடும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை இந்த இடத்தில் நெடுஞ்சாலையைச் சந்திக்கிறது. லாரிகளும், தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்களும் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. தெற்கே சற்றுத் தொலைவில், சென்னை நகரத்துக்குக் குடிதண்ணீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது.

இந்த ஊரில் பிறந்த ஒருவர் மூன்றரை வருஷ காலம் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தார். அந்தச் சந்திப்பில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! அவர்தான் மீஞ்சூர் பக்தவத்சலம்.   தமிழ்நாட்டை ஆண்ட கடைசி காங்கிரஸ் முதல் மந்திரியும் அவரே. அவருக்குப் பிறகு இன்றுவரை அந்தக் கட்சியிலிருந்து ஒருவரும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

அவருடைய பெயரைச் சொன்னால் வயதானவர்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று இந்தி, மற்றொன்று அரிசி. அம்பத்தூர் தொழிற்பேட்டை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஆவடியிலிருந்து முதல் டாங்கி உருண்டு வெளியே வந்ததும் அவருடைய ஆட்சிக் காலத்தில்தான் என்பதும் ஞாபகம் வருவதில்லை. சென்னையின் மேற்குப் புறநகர் இன்றைய உருவத்தை எடுக்கத் தொடங்கியபோது ராஜ்யத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், அதே பகுதி மக்களின் வோட்டால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இது எப்படி நேர்ந்தது?

பெரிய குடும்பத்துப் பிள்ளை

பக்தவத்சலம் 1897-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி பிறந்தார். தந்தை கனகசபாபதி முதலியார், தாயார் மல்லிகா. பையனுக்கு ஐந்து வயதாகும்போதே தந்தை காலமாகிவிட்டார். குடும்பத்துப் பெரியவர்களான முத்துரங்க முதலியாரும் ஏவலப்ப முதலியாரும் அவரை வளர்த்துப் படிக்க வைத்தார்கள். இந்த முத்துரங்க முதலியார் சாமானியப்பட்டவர் அல்ல. தமிழ்நாட்டுக் காங்கிரஸின் தலைமைப் பதவி வரை உயர்ந்தவர்; செங்கற்பட்டு ஜில்லாவில் அவருடைய சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஆகவே தேச விடுதலைப் பேச்சைப் பிள்ளை வெளியே போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது வீட்டுத் திண்ணையிலேயே நடந்தது.

சென்னையில் சட்டம் படித்து 1923-ல் ஹைகோர்ட்டு வக்கீலானார். வக்கீல் தொழிலோடு மகாஜன சபைப் பணி, காங்கிரஸ் பணி, இந்தியா என்ற பெயரில் ஒரு பத்திரிகை நடத்துவது என்று பல வேலைகளை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டார். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது, அதில் கலந்துகொண்டார். 1932 ஜனவரி 26-ந் தேதி சுதந்தர தினம் கொண்டாடியதற்காக அவரைப் பிடித்து ஆறு மாதம் சிறையில் வைத்தார்கள்.

1937-ல் மாகாணங்களில் காங்கிரஸ் தேர்தலுக்கு நின்றபோது திருவள்ளூரிலிருந்து சட்டசபைக்கு வந்தார். ராஜாஜி முதன்மை மந்திரியானார். ஸ்தல ஸ்தாபன மந்திரிக்குப் பக்தவத்சலம் பார்லிமெண்டரி காரியதரிசியானார். அந்த சர்க்கார் பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், அதை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி மூண்டதும், சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிரிழந்ததும் சரித்திரம். 1940-ல் கட்டாய இந்தி விலக்கிக்கொள்ளப்பட்டது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இதே நாடகம் பெரிய மேடையில் நடந்தபோது, அன்று இந்தியைக் கொண்டுவந்த ராஜாஜி எதிர்ப்பக்கம் நின்றார். அன்று அவருக்குக் கீழே சின்னப் பதவியில் இருந்தவரோ அதே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வந்தது. பக்தவத்சலத்தைக் கைது செய்து அமராவதி சிறைக்கு அனுப்பினார்கள். தமிழ்நாட்டுத் தலைவர்கள் பலர் அடைபட்டிருந்த, வெயில் கொளுத்தும் சிறை அது. தீரர் சத்தியமூர்த்தியின் உடல்நிலை கெட்டதும் அங்கேதான். 1944-ல் பக்தவத்சலம் வெளியே வந்தார்.

பைல்களைப் படிக்கும் மந்திரி

சுதந்தரம் வந்த சமயத்தில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரி சபையில் பக்தவத்சலம் மராமத்து மந்திரி. அணை, கால்வாய், சாலை, பாலம் எல்லாம் அவருடைய இலாகா. கீழ்பவானி அணைத் திட்டம் 1948-ல் தொடங்கியது. சுதந்தர இந்தியாவில் முதலில் கையெடுக்கப்பட்ட பெரிய நீர்ப்பாசன வேலைகளில் அதுவும் ஒன்று. பேச்சில் மயக்கும் ஆற்றல் அவருக்குக் கிடையாது. பைலைக் கடைசிப் பக்கம் வரை படிப்பவர், சட்டப் புத்தகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர் என்று உத்தியோகஸ்தர்களிடையே பெயர் எடுத்தார். இந்தப் பெயர்தான் அவரை உயர்த்தியது. பின்னால் அவரைத் தள்ளியதும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

1952-ல் நாடெங்கும் வயது வந்தோர் எல்லோருக்கும் வோட்டுரிமையுடன் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. சென்னை ராஜ்யத்தில் முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றார். தோற்ற மந்திரிகளில் பக்தவத்சலமும் ஒருவர். அந்தத் தேர்தலின் போதும் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு இருந்தது. வயிறு சம்பந்தப்பட்ட விஷயத்தில் மக்கள் எப்படித் தீர்ப்புச் சொல்வார்கள் என்பதை அவர் அப்போதே ஒரு முறை பார்த்துவிட்டார்.

1954-ல் ராஜாஜி விலகியபோது ஒரு ருசிகரமான போட்டி நடந்தது. காங்கிரஸ் சட்டசபைக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜர் நின்றார். அவரை எதிர்த்து சி. சுப்பிரமணியம் நின்றார். சுப்பிரமணியத்தின் பெயரைப் பிரேரித்தவர் பக்தவத்சலம்! காமராஜருக்கு 93 வோட்டு, சுப்பிரமணியத்துக்கு 41. வென்றவர் என்ன செய்தார்? போட்டியிட்டவரையும் பிரேரித்தவரையும் கூப்பிட்டுத் தமது மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார். வயதில் காமராஜரைவிட ஆறு வருஷம் மூத்தவர் பக்தவத்சலம். படிப்பிலும் பதவி அனுபவத்திலும் முந்தியவர். ஆயினும் ஒன்பது வருஷத்துக்கு மேல் அவர் கீழ் அமைதியாக வேலை பார்த்தார். விவசாயம், போலீஸ், நிதி, கல்வி என்று இலாகாக்கள் மாறின, மனிதர் மாறவில்லை. ஊர் ஊராகச் சுற்றி மக்களைப் பார்த்து வருவார் காமராஜர். கோட்டையில் உட்கார்ந்து அதற்குச் சட்டமும் பணமும் கணக்கும் பார்ப்பார் பக்தவத்சலம். இரட்டை மாட்டு வண்டி அது. ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

1955 ஜனவரியில் அகில இந்திய காங்கிரஸ் மகாநாடு ஆவடியில் கூடியது. ஆவடியில் எழுந்த அந்தப் பந்தல் நகருக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். யு. என். தேபர் தலைமை வகித்தார். சோஷலிச மாதிரியான சமுதாயமே லட்சியம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறி, ஆவடி என்ற பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. தீர்மானம் காகிதத்தோடு நிற்கவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் இந்தப் பக்கத்து ஏரிப் பாசன ஊர்கள் தொழிற்சாலை ஊர்களாக மாறின. அம்பத்தூரில் ஏற்கனவே சைக்கிள் தொழிற்சாலை வந்திருந்தது. 1959-ல் டன்லப் டயர் தொழிற்சாலை வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைக்க 1961-ல் முடிவாயிற்று.

நாற்காலி

1963-ல் காமராஜர் திட்டம் வந்தது. மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சி வேலைக்குப் போகவேண்டும் என்பது அதன் சாரம். பிறருக்குச் சொன்னதைத் தாமே முதலில் செய்துகாட்டிக் காமராஜர் விலகினார். காந்தி ஜயந்தியன்று, 1963 அக்டோபர் 2-ந் தேதி, பக்தவத்சலம் முதல் மந்திரியானார். அப்போது அவருக்கு வயது 66 நிறையப் போகிற சமயம்.

ஆட்சி மோசமாக நடந்ததா? நியாயமாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் அமைந்தது. கிண்டியில் செய்து பார்த்ததையே ஆயிரம் ஏக்கருக்கு மேல் பெரிதாக்கிச் செய்த காரியம் அது. தொழில் மந்திரியாக இருந்த ஆர். வெங்கட்ராமனின் முயற்சி அதில் பெரிது. அவருக்குப் பின்னால் நின்று பணமும் நிலமும் கிடைக்கச் செய்தது பக்தவத்சலத்தின் சர்க்கார். சொந்தமாகக் கட்டடம் கட்ட வசதியில்லாத சின்ன முதலாளிகள் அங்கே பட்டறை போட்டார்கள். 1965-ல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் உருவாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கான கம்பெனியும் அந்த ஆண்டு இறுதியில்தான் பதிவாயிற்று. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை ஒரே இரவில் கடலோடு சேர்த்துவிட்டது. ரயில் வண்டி பயணிகளோடு அலையில் போயிற்று. மீட்பு வேலைகளைச் செய்துவிட்டு, இனி அங்கே மக்கள் குடியிருக்கத் தகாது என்று சர்க்கார் தீர்மானித்தது. கடினமான முடிவு, ஆனால் சரியான முடிவு.

கன்னியாகுமரிப் பாறை விவகாரத்தில் அவருடைய சுபாவம் நன்றாகத் தெரியும். விவேகானந்தர் தியானம் செய்த பாறையில் மண்டபம் கட்ட அனுமதி கேட்டார்கள். பாறையின் இயற்கை அழகு கெடும் என்று மறுத்துவிட்டார். ஏக்நாத் ரானடே டில்லிக்குப் போய் முந்நூறுக்கு மேற்பட்ட பார்லிமெண்டு மெம்பர்களிடம் கையெழுத்து வாங்கி வந்தார். அதன் பிறகு, சின்னதாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்ற நிலைக்கு இறங்கி, கடைசியில் பெரிய மண்டபத்துக்கே சம்மதம் தந்தார். முதலில் விதியைப் பார்ப்பது, பிறகு நெருக்கடி முற்றியதும் வழிவிடுவது என்பது அவருடைய பழக்கம். பாறை விஷயத்தில் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மொழி விஷயத்தில் உயிர்கள் போயின.

தீ

அரசியல் சட்டப்படி 1965 ஜனவரி 26-ந் தேதி முதல் இந்தி ஆட்சிமொழியாக வேண்டும். ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் 1963-ல் வந்த சட்டத்தில் அந்த வாக்கு அழுத்தமாக எழுதப்படவில்லை. 1964 மே மாதத்தில் நேருவும் மறைந்தார். அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜனவரியில், கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்து மாண்டிருந்தார். இத்தனைக்குப் பிறகு, 1964 மார்ச்சில் பக்தவத்சலம் சட்டசபையில் தமிழ், ஆங்கிலம், இந்தி என்ற மும்மொழித் திட்டத்தைச் சிபாரிசு செய்தார். டில்லியின் கொள்கை அது, சட்டத்துக்கும் முரணில்லை. பைல் அளவில் எல்லாம் சரியாகவே இருந்தது. வீதியில்தான் வேறு மாதிரி இருந்தது.

குடியரசு நாளைத் துக்க நாளாகக் கொண்டாடப் போவதாக தி.மு.க. அறிவித்தது. அதை அனுமதிக்க முடியாது என்றார் முதல் மந்திரி. அண்ணாதுரை உள்பட ஆயிரக்கணக்கானவர்களை முன்கூட்டியே கைது செய்தார்கள். தலைவர்களைப் பிடித்துவிட்டால் கிளர்ச்சி அடங்கிவிடும் என்பது கணக்கு. கிளர்ச்சியோ தலைவர்கள் கையில் இல்லை. கல்லூரி மாணவர்கள் கையில் இருந்தது. ஜனவரி 25-ந் தேதி மதுரையில் மாணவர் ஊர்வலத்துக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் ஏற்பட்ட மோதல், சில நாட்களில் ராஜ்யமெங்கும் பரவியது. கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் ஆகியோர் தங்களுக்குத் தாங்களே தீ வைத்துக்கொண்டார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் குண்டுக்குப் பலியானார். பிப்ரவரியில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. சர்க்கார் கணக்குப்படியே சுமார் எழுபது பேர் மாண்டார்கள்.

டில்லியில் இருந்த தமிழ் மந்திரிகள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார்கள். அன்றிரவே பிரதம மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ரேடியோவில் பேசி, நேருவின் வாக்கு காப்பாற்றப்படும் என்று உறுதி கூறினார். கோட்டையில் இருந்தவர் ராஜிநாமாச் செய்யவில்லை. இதை அவர் கடைசிவரை சட்டம் ஒழுங்கு விவகாரமாகவே பார்த்தார் என்று தோன்றுகிறது. மாணவன் ஒருவன் இறந்துவிட்டால் அவனுடைய வீட்டுக்கு, தெருவுக்கு, கல்லூரிக்கு அது என்ன ஆகும் என்பதை எந்தப் போலீஸ் ரிப்போர்ட்டும் எழுதிவராது. மந்தவெளியிலும் மன்னார்குடியிலும் அதுவரை காங்கிரஸுக்கே வோட்டுப் போட்டுவந்த குடும்பங்களில், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பெற்றோருடன் வாதாட ஆரம்பித்தார்கள்.

அரிசி

மொழிப் போராட்டத்தில் அவர் மீது குற்றம் சொல்ல இடமிருக்கிறது. அரிசியில் அவரை முழுக் குற்றவாளியாக்குவது தர்மமல்ல.

முன்பெல்லாம் தென்மாநிலங்கள் நான்கும் உணவு விஷயத்தில் ஒரே மண்டலமாக இருந்தன. நெல்லூர் அரிசி தாராளமாகச் சென்னைக்கு வரும். 1964 வாக்கில் இந்த ஏற்பாடு குலைந்து ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி மண்டலமாயிற்று. விளைந்த இடத்திலிருந்து சாப்பிடும் இடத்துக்கு அரிசி வரச் சர்க்கார் அனுமதி வேண்டும். உணவுக் கழகம் என்ற மத்திய ஸ்தாபனம் 1965 ஜனவரியில் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. மத்திய உணவு மந்திரியோ நமது சி. சுப்பிரமணியம். இருந்தும் அரிசி வந்துவிடவில்லை. காரணம், நாடு முழுதும் மழை பொய்த்தது. 1964-65-ல் இந்தியாவில் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன் தானியம் விளைந்தது. மறு வருஷம் 7 கோடியே 20 லட்சம் டன்னாக விழுந்தது. நடுவில் பாகிஸ்தானுடன் யுத்தம். அமெரிக்கக் கப்பலில் வரும் கோதுமையையும் அந்நாட்டு சர்க்கார் அளந்து அளந்து விட்டது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். வெளிநாட்டுச் சரக்கு விலை ஏறியது.

இத்தனையும் எங்கே வந்து முடியும்? கடைவாசலில். கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் கியூவில் நிற்கும் பெண்களிடம் முடியும். கடைக்காரர் இன்று அரிசி இல்லை, கோதுமைதான் என்பார். கோதுமையை வாங்கி என்ன செய்வது? அரைத்துச் சப்பாத்தி போடத் தெரியாத வீடுகள், ரவையாக உடைத்துக் கிண்டிச் சமாளித்தன. வயலில் வேலை செய்த காலத்தில் கூலியாக நெல் வாங்கி, குதிரில் கொட்டி வைத்துச் சாப்பிட்டவர்கள்தான் இப்போது தொழிற்சாலையில் சம்பளப் பணம் வாங்கினார்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். சம்பளம் முன்னைவிட அதிகம்தான். ஆனால் கையில் காசு இருந்தும் கடையில் அரிசி இல்லாத நிலை அவர்களுக்குப் புதிது. தொழில் வளர்ந்ததாலேயே, அரிசியைக் கடையில் வாங்கிச் சாப்பிடும் ஜனங்களின் தொகையும் வளர்ந்துவிட்டது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தவர்கள், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் திட்டம் போட்டவர்கள், சோற்றுக்குத் திட்டம் போட்டார்களா என்பது நியாயமான கேள்வி.

அரிசியைக் கொள்முதல் செய்வதிலும் சர்க்காருக்குத் தர்மசங்கடம். விவசாயிக்கு விலை குறைத்துக் கொடுத்தால் அவன் நெல்லை ஒளிப்பான்; கூட்டிக் கொடுத்தால் பட்டணத்தில் விலை ஏறும். பெரிய மிராசுதாரர்களைக் கடுமையாக நெருக்கலாம். கிராமத்தில் காங்கிரஸுக்குத் தூணாக நின்றவர்களே அவர்கள்தான். சர்க்கார் இரண்டுக்கும் நடுவில் நின்று தயங்கியது. சோதனைச் சாவடியில் இரண்டு படி அரிசி மூட்டை கொண்டுபோன கிழவியைப் பிடித்தார்கள்; லாரி லாரியாகப் பதுக்கியவர்களை விட்டுவிட்டார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. எல்லோரும் நம்பினார்கள், அரசியலில் அது போதும்.

எதிர்க்கட்சிக்காரர்கள் எதுகை மோனையில் வல்லவர்கள். பக்தவத்சலத்தையும் காமராஜரையும் அண்ணாச்சி என்று கூப்பிட்டு, அரிசி விலையையும் பருப்பு விலையையும் விசாரிக்கும் கோஷம் ஒன்றைக் கட்டினார்கள். தெருவில் கோலி விளையாடும் பையன்கள் வரை அதைப் பாடினார்கள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி எங்கள் லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணாதுரை வாக்குக் கொடுத்தார். கிலோக் கணக்கு சட்டப்படி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தும், படி என்ற சொல்லையே அவர் எடுத்தார். அது அடுப்படியில் புழங்கிய சொல். சர்க்கார் அறிக்கைகளோ டன்னில் பேசின.

1967

பிப்ரவரியில் பொதுத் தேர்தல். ஒரு பக்கம் காங்கிரஸ். மறுபக்கம் தி.மு.க.வும் ராஜாஜியின் சுதந்தராக் கட்சியும் சேர்ந்த அணி. கம்யூனிஸ்டுகளில் ஒரு பிரிவினரும் முஸ்லிம் லீக்கும் தி.மு.க. பக்கம். ஜனவரி 12-ந் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் அவர் படுத்திருந்த படம் மூலை முடுக்கெல்லாம் ஒட்டப்பட்டது.

234 ஸ்தானங்களில் தி.மு.க. 137-ஐப் பிடித்தது. காங்கிரஸுக்கு 51. இதில் ஒரு விசித்திரம் உண்டு: மொத்த வோட்டில் காங்கிரஸுக்கு நூற்றுக்குச் சுமார் 41 கிடைத்தது, தி.மு.க.வுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். தி.மு.க. குறைவான இடங்களில் நின்று, மற்ற இடங்களைத் தோழர்களுக்கு விட்டதால் வந்த வெற்றி அது. விருதுநகரில் காமராஜரையே மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வோட்டில் தோற்கடித்தார். மந்திரிகளில் ஒரே ஒருவர்தான் தப்பிப் பிழைத்தார்.

பக்தவத்சலம் நின்றது ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியில். சொந்த ஊர்ப்பக்கம், முன்பு வென்ற இடம், குடும்பத்துக்குத் தலைமுறையாகச் செல்வாக்குள்ள சீமை. தி.மு.க.வின் து. ராஜரத்தினத்திடம் 8,926 வோட்டு வித்தியாசத்தில் தோற்றார். காமராஜரின் தோல்வியைக் கேட்டு எதிர்க்கட்சிக்காரர்களே வருந்தியதாகச் சொல்வார்கள். பக்தவத்சலத்துக்காக வருந்தியவர்கள் அதிகம் பேர் இல்லை. நாட்டில் நச்சுக் கிருமிகள் பரவிவிட்டன என்ற பொருள்பட அவர் அப்போது பேசினார். அந்த வார்த்தை அவர் செய்த எல்லாக் காரியங்களையும்விட அதிக காலம் நிலைத்துவிட்டது. வோட்டுப் போட்டவர்கள் அதைத் தங்களைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள். நிர்வாகத்தில் அளந்து பேசியவர், அந்த ஒரு நாள் அளக்கத் தவறிவிட்டார்.

மார்ச் 6-ந் தேதி அண்ணாதுரை முதல் மந்திரியானார். மே மாதத்தில் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கியது. ராஜ்யம் முழுதும் அதை விரிக்கப் பணம் போதவில்லை. மூன்று படி லட்சியமாகவே நின்றுவிட்டது. பக்தவத்சலம் தோற்ற கணக்கு புதிய சர்க்காருக்கும் சுலபத்தில் சரிக்கட்டவில்லை. 1968 ஜனவரியில் சட்டசபை மும்மொழித் திட்டத்தை நீக்கி, தமிழும் ஆங்கிலமும் போதும் என்று தீர்மானித்தது.

பிறகு

தோல்விக்குப் பின் அவர் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். பதவியைத் தேடி அலையவில்லை. 1969-ல் காங்கிரஸ் உடைந்தபோது காமராஜர் இருந்த பழைய காங்கிரஸிலேயே நின்றார். எனது நினைவுகள் என்று தமது வாழ்க்கையை எழுதினார். சமூக சேவையில் பெயர் பெற்ற சரோஜினி வரதப்பன் அவருடைய மகள். மத்திய மந்திரியாக இருந்த ஜெயந்தி நடராஜன் பேத்தி. நசரத்பேட்டை வீட்டுத் திண்ணையில் தொடங்கிய பொதுவாழ்வு, இப்படி நான்காவது தலைமுறைக்கும் வந்தது.

1987-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி, தொண்ணூறு வயதை எட்ட எட்டு மாதம் இருக்கும்போது பக்தவத்சலம் காலமானார். கிண்டியில் காந்தி மண்டபத்தை ஒட்டி அவருக்கு நினைவிடம் அமைந்திருக்கிறது. அம்பத்தூரை அடுத்த கொரட்டூரில் அவர் பெயரால் பெண்கள் கல்லூரி ஒன்று நடக்கிறது. தொழிற்பேட்டைப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களின் வீட்டுப் பெண்களும் அங்கே படிக்கிறார்கள்.